வேலையிடத்து விபத்து: இழப்பீட்டு வழக்கைத் தொடக்கம் முதல் நடத்துவது எப்படி?

கோவைப் பட்டறையில் பவர் பிரஸ்ஸில் விரலை இழந்தவருக்கும், சோமனூர்த் தறியில் அடிபட்டவருக்கும் பெரும்பாலும் ஒரே வழிதான் காட்டப்படுகிறது: முதலாளி மருத்துவச் செலவை ஏற்றுக்கொள்வார், நாலு பேரை வைத்துப் பேசி, ஒரு தொகையைக் கொடுத்து, முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் தாள் சட்டத்தின் முன் செல்லாது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டப்படி, தொழிலாளர் துறையில் அதற்கென அமர்த்தப்பட்ட ஆணையரிடம் பதிவாகாத ஒப்பந்தத்தின் பேரில் கொடுத்த பணத்தில், அவர் வேறு விதமாக உத்தரவிட்டாலன்றி, பாதிக்கு மேல் இழப்பீட்டிலிருந்து முதலாளி கழித்துக்கொள்ளவும் முடியாது. அந்தச் சட்டத்தின் ஏற்பாடுகள் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. கீழே உள்ள விளக்கம் பழைய சட்டத்தை ஒட்டியது.

முதலில்: இ.எஸ்.ஐ. உண்டா?

இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு அட்டை உள்ளவர் இந்தச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்க முடியாது. ஊனப் பயனை இ.எஸ்.ஐ. வழியாகவே பெற வேண்டும். அட்டை இல்லாதவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

அடுத்து: சான்றுகள்

வழக்கின் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது. மருத்துவமனையில் முதலில் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டில், உடன் வந்த மேஸ்திரி "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று சொல்லிவிட்டால், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. எனவே எந்த மெஷினில், எந்த வேலையில் அடிபட்டது என்பதை முதல் நாளே பதியச் செய்யுங்கள். "இவர் என் ஆளே இல்லை" என்பது முதலாளிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். அதற்கு எதிராக வருகைப் பதிவேட்டின் படம், உடன் வேலை செய்தவரின் சாட்சியம், சனிக்கிழமைச் சம்பளம் ஜிபேயில் வந்த பதிவு ஆகியவை துணை நிற்கும். காண்ட்ராக்டர் மூலம் வந்தவர் செய்தது, காண்ட்ராக்டரிடம் வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளியின் வழக்கமான தொழிலுக்குரிய வேலையாக இருந்தால், அந்த முதலாளியும் பொறுப்பாளியே.

எங்கே, எப்போது?

மனு தொழிலாளர் துறையில் ஆணையராக அமர்த்தப்பட்ட அதிகாரியிடம் செல்கிறது. வேலைநீக்கத்தை விசாரிக்கும் தொழிலாளர் நீதிமன்றம் வேறு. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள இடம் ஆகிய மூன்றில் எங்கு வேண்டுமானாலும் மனு செய்யலாம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் வடக்கே போய் அடிபட்டவர் சொந்த ஊருக்குரிய ஆணையரையே அணுகலாம் என்பது இதனால் கிடைக்கும் பெரிய வசதி. காலக்கெடு 2 ஆண்டுகள்; போதிய காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படலாம். இன்சூரன்ஸ் பாலிசி இருந்தால் அந்த நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது நல்லது.

தொகைக் கணக்கு

மாதச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்குவது நிரந்தர முழு ஊனத்துக்கான கணக்கு. மரணத்துக்கு 50 விழுக்காடு. 2020 ஜனவரி முதல் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். 35 வயதுக்காரர் 18,000 ரூபாய் வாங்கினாலும் 15,000 என்றே கொள்ளப்படும்: அதில் 60 விழுக்காடான 9,000 × அந்த வயதுக்குரிய காரணி 197.06 = 17,73,540. கட்டை விரல் முழுதும் போனால் சட்டத்தின் அட்டவணைப்படி 30 விழுக்காடு, அதாவது 5,32,062 ரூபாய். அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, அவர் செய்யும் தொழிலை வைத்து, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று தகுதி பெற்ற மருத்துவர் மதிப்பிடுவார். இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சருக்கு முழு இழப்பீடே உரியது என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் ஏற்றதும் அவர் செய்யும் தொழிலை வைத்துத்தான்.

விசாரணையும் உத்தரவும்

நோட்டீஸ், எதிருரை, சாட்சியம், குறுக்கு விசாரணை என்று வழக்கு நகரும். குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது ஆகிய வாதங்கள் மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் எடுபடா. இழப்பீட்டை உரிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் செலுத்தாத முதலாளி 12 விழுக்காடு வட்டியும் கட்ட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் 50 விழுக்காடு வரை அபராதமும் சேரலாம். இவ்விரண்டையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

மரண வழக்கில் பணத்தை ஆணையரிடமே செலுத்த வேண்டும். இறந்தவரைச் சார்ந்தோர் என்று சட்டம் சொல்பவர்களுக்கு அவர் பிரித்துக் கொடுப்பார். மேல்முறையீடு 60 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில், சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டுமே. முதலாளி முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டே அங்கு போக முடியும். கட்டாமல் இழுத்தடித்தால், நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கக் கோரி அதே ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம்.