பச்சையைக் கண்டு மயங்காமல் ஒரு மலைக்காட்டை அளப்பது எப்படி: பழனி மலையிலிருந்து ஒரு நில அளவையாளரின் குறிப்புகள்

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் பைன் மரங்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு, "என்ன அருமையான காடு!" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது மனிதர்கள் வரிசை பிடித்து நட்ட தோட்டம். கீழே ஊசியிலைகள் மெத்தைபோல் கிடக்கும். அவற்றைக் கிளறிப் பாருங்கள், அடுத்த தலைமுறைக்கு ஒரு கன்றுகூட அகப்படாது. வேலை பார்த்த காலம் முழுவதும் சங்கிலியும் அளவுக்கல்லும் பிடித்துத் திரிந்தவன் நான். ஒரு நிலம் எப்படியிருக்கிறது என்பதை நிறத்தை வைத்துச் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஓய்வுபெற்ற பிறகு அதே பாடத்தை, இந்த மலைப் பள்ளங்களில் தானாக வளர்ந்த காடுகளான சோலைகளிடம் காட்டிப் பார்க்கிறேன். இந்த மலையில் உங்களுக்கு நிலம் இருந்தாலும், பள்ளி மாணவர்களை அழைத்துப் போகும் ஆசிரியராக இருந்தாலும், இந்த முறை உதவும்.

முதலில், அரசு சொல்லும் கணக்கை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்ற முறையில் நாட்டின் காடுகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டுவருகிறது. 2023ஆம் ஆண்டுக்குரிய அறிக்கை நாட்டின் பரப்பில் 21.76 சதவீதம் காடு என்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். 'காடு' என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலமாக இருந்து, அதில் பத்து சதவீதத்துக்கு மேல் மரக்கவிகை (மேலேயிருந்து பார்த்தால் மரத்தின் இலைகள் மூடும் பரப்பு) இருந்தால் அது காடு. நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்ற கேள்வியே அங்கே கிடையாது. கவிகை 70 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் மிக அடர்ந்த காடு, 40 முதல் 70 வரை ஓரளவு அடர்ந்த காடு, 10 முதல் 40 வரை திறந்தவெளிக் காடு. மேலேயிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ 23.5 மீட்டர் பக்கமுள்ள சதுரம். சோலையும் கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பும் தாண்டிக்குடியின் காப்பித் தோட்டமும் அந்தக் கணக்கில் ஒரே இனம்.

புல்வெளி? அது 'காடல்லாத நிலம்'. மன்னவனூர்ப் பக்கத்துப் புல்மேடு ஒன்றில் வெளிநாட்டுச் சீகை (வாட்டில்) மரம் ஏறி அடைத்துக்கொண்டால், அறிக்கையில் அந்த இடத்தில் காடு கூடியிருக்கிறது என்று வரும். பழனி மலையில் நடந்தது இதுதான். 1970களில் தொடங்கி நாற்பது ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்று காட்டியது. அது வெட்டவெளி, வீணாய்க் கிடந்த நிலம் என்று நினைத்துத்தான் நட்டார்கள். ஆனால் நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்தவர்கள், அங்கே இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புல் இருந்ததற்குச் சான்று கண்டிருக்கிறார்கள். மனிதன் காட்டை அழித்ததால் வந்த புல் அல்ல அது. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல் என்பதுதான் இந்த உயரத்தின் இயல்பான அமைப்பு. ஆகவே இங்கே காட்டை அளக்கப் புறப்படுகிறவர் புல்லையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய முதல் வேலை இது. கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. இஸ்ரோவின் புவன் தளத்தையும் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு மலைச்சரிவை எடுத்துக்கொள்ளுங்கள், முழு மாவட்டத்தையும் அல்ல. அத்துடன் நில அளவைத் துறையின் பழைய வரைபடம் கிடைத்தால், ஓடைகளின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடைப் பெயர்கள் பிறகு வேண்டியிருக்கும். வீட்டு ஆல்பங்களையும் விடாதீர்கள். குறிஞ்சி இங்கே 2006இலும் 2018இலும் பூத்தது. அதைப் பார்க்கப் போய் எடுத்த குடும்பப் படங்கள் பல வீடுகளில் இருக்கும். அத்தை, மாமாவுக்குப் பின்னால் தெரியும் சரிவைப் பாருங்கள். இரண்டு படங்களிலும் அதே சரிவு இருந்தால், புல் எவ்வளவு சுருங்கியது என்பதை எந்த அறிக்கையும் இல்லாமல் கண்ணால் காணலாம். அடுத்து 2030இல் பூக்கும்போது அதே இடத்தில் நின்று எடுங்கள்.

இனிக் காட்டுக்குள். அதற்குமுன் ஓர் எச்சரிக்கை: கொடைக்கானல் வனப்பகுதி 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். வனத்துறையின் அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கயிறு பிடிக்கப் போனால் வழக்குதான் மிஞ்சும். பட்டா நிலத்திலுள்ள சோலைத் துண்டு, கோயில் காடு, உங்கள் தோட்டத்து ஓரம் ஆகியவை பழகுவதற்குப் போதும். துணைக்கு ஓர் ஆள் கட்டாயம். முடிந்தால் பளியர் அல்லது புலையர் சமூகத்துப் பெரியவர் ஒருவரை உரிய கூலி கொடுத்து அழைத்துக்கொள்ளுங்கள். இலையைக் கசக்கி முகர்ந்து மரத்தின் பெயர் சொல்கிறவரிடம் கற்றுக்கொள்வதை எந்தச் செயலியும் தராது. மழைக்காலத்தில் அட்டைக்குப் புகையிலைத் தண்ணீரோ உப்போ.

தூரத்திலிருந்தே சோலையை அடையாளம் காணலாம். உச்சி முழுவதும் காலிபிளவர்போல் முண்டு முண்டாகத் திரண்டிருக்கும். கரும்பச்சைக்கு நடுவே செந்தளிர் தெரியும். கற்பூர மரமும் பைனும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் நிற்கும். சீகை சாம்பல் கலந்த பச்சை. பூக்கும் காலத்தில் சரிவே மஞ்சளாகிவிடும். உள்ளே நுழைந்தால் சோலைமரத்தில் பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் ஏறியிருக்கும், மரம் நெடுநெடுவென்று உயராமல் கோணிக்கொண்டு நிற்கும்.

அளக்கும் முறை எளிது. நாற்பது மீட்டர் கயிற்றில் பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டால் ஒரு சதுரம் கிடைக்கும். சதுரம் சரியா என்று மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். 14 மீட்டர் 14 சென்டிமீட்டர் வர வேண்டும். சரிவில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கயிற்றைத் தரையோடு தரையாகப் போட்டால் அளவு பொய்யாகிவிடும். 30 டிகிரிச் சரிவில் பத்து மீட்டர் தரைக்கயிறு, படுக்கைவாட்டில் 8.66 மீட்டர்தான். கயிற்றை மட்டமாக இழுத்துப் பிடித்து, படிப்படியாக இறங்கி அளக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் சமவெளியிலேயே அளந்து கொள்ளட்டும்.

சதுரத்துக்குள் மரங்களை நான்கு வகையாகப் பிரித்து எண்ணுகிறேன். முழங்காலுக்குக் கீழே இருப்பது கன்று. முழங்காலுக்கும் தலைக்கும் இடையில் இருப்பது கம்பு. தலைக்கு மேலே உயர்ந்து, சுற்றளவு 30 சென்டிமீட்டரை எட்டாதது கழி. அதற்கு மேல் மரம். சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், மேட்டுப் பக்கம் நின்று எடுக்க வேண்டும். வனத்துறையும் அந்த உயரத்தில்தான் எடுக்கிறது. கன்றுகளைச் சதுரம் முழுவதும் எண்ணத் தொடங்கினால் இருட்டிவிடும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரு மீட்டர் சதுரம் எடுத்து அவற்றில் மட்டும் எண்ணுங்கள்.

என்னைக் கேட்டால், மொத்த வேலையின் உயிர் இந்த நான்கு எண்களில் இருக்கிறது. நல்ல சோலையில் கன்று மிக அதிகமாகவும், கம்பு அதைவிடக் குறைவாகவும், கழி இன்னும் குறைவாகவும், மரம் எல்லாவற்றிலும் குறைவாகவும் இருக்கும். பெரிய மரங்கள் கம்பீரமாக நின்று, கம்பும் கழியும் இல்லாமல் இருந்தால், அந்தக் காட்டுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, வாரிசு இல்லை. செயற்கைக்கோளுக்கு அது இன்னும் பல ஆண்டுகள் 'மிக அடர்ந்த காடு' என்றே தெரியும். பிறகு 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் சாய்த்ததைப்போல் ஓரிரவில் மரங்கள் விழும்போதுதான், அந்த இடைவெளியை நிரப்ப யாருமில்லை என்பது தெரியவரும். கன்று இருந்து கம்பு இல்லை என்றால் மேய்ச்சலா, கடமானா, விறகு வெட்டா என்று தேடுங்கள். வெட்டுப்பட்ட அடிக்கட்டை, மாட்டுச்சாணம், கடித்த நுனி இவை காட்டிக்கொடுக்கும். கன்றே இல்லையென்றால் விதை கொண்டுவரும் பறவைகளை விசாரிக்க வேண்டும்.

அதே கணக்கைச் சீகைக்காட்டிலும் போடுங்கள். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் நடப்பட்ட சீகை, நட்ட எல்லையோடு நிற்கவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். அதில் ஒரு வகை வேரிலிருந்தே தளிர்விடும். எனவே "எல்லாவற்றையும் வெட்டித் தள்ளு" என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு நான் கைதட்டுவதில்லை. வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் முளைப்பதைப் பிடுங்க ஆளும் பணமும் இல்லையென்றால், முன்பைவிட நெருக்கமான சீகைக்காடுதான் கிடைக்கும். இன்னொன்று, கொடைக்கானலைச் சுற்றிப் பழைய சீகைத் தோட்டங்களின் நிழலில், பறவை எச்சத்தில் வந்த சோலைக் கன்றுகள் வளர்ந்து வருவதை இங்குள்ள இயற்கை ஆர்வலர்கள் நெடுநாளாகக் காட்டிவருகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சீகை தாதியின் வேலை பார்க்கிறது; வெட்டினால் அதன் நிழலில் வளர்ந்ததும் சேர்ந்து போய்விடும்.

ஆகவே சீகைக்காட்டில் எண்ணும்போது சோலை இனக் கன்றுகளைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். அவை கம்பாகவும் கழியாகவும் ஏறி வந்திருந்தால் அந்த இடத்தைத் தொட வேண்டாம். புல்வெளியின் விளிம்பில், இளம் சீகை ஒன்றிரண்டாக ஏறத் தொடங்கும் இடம்தான் அவசரமானது. கையால் பிடுங்கக்கூடிய வயதில் பிடுங்கிவிட வேண்டும். காசு குறைவாக இருக்கும்போது எதை முதலில் செய்வது என்று கேட்டால் என் பதில் எப்போதும் விளிம்புதான்.

கவிகையை அளக்க ஒரு சாண் பிளாஸ்டிக் குழாய் போதும். ஒரு முனையில் குறுக்காக இரண்டு நூல் கட்டுங்கள். பத்தடிக்கு ஒருமுறை நின்று, நேர் மேலே பார்த்து, நூல் சந்திக்கும் புள்ளியில் இலையா வானமா என்று குறியுங்கள். நூறு முறை பார்த்தால் இலை விழுந்த எண்ணிக்கையே சதவீதம். கற்பூரத் தோப்பும் சோலையும் ஒரே சதவீதம் காட்டும் இடங்கள் அகப்படும். அந்தச் சீட்டை நான்கு வகைக் கணக்கோடு சேர்த்து மாணவர்களிடம் கொடுத்தால், அரசு அறிக்கையை எப்படிப் படிப்பது என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கீழ்ப்பழனியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. காப்பித் தோட்டத்தில் நிழல் மரங்கள் எத்தனை என்பதைவிட எத்தனை இனம் என்று எண்ணுங்கள். பலவகை நாட்டு மரம் நின்ற தோட்டம் சில்வர் ஓக் மட்டுமாக மாறியிருந்தால், படத்தில் பச்சை குறைந்திருக்காது. மலை அணிலுக்கும் தேனீக்கும் மட்டும் தெரியும்.

தண்ணீர்க் கணக்கை மார்ச் மாதத்தில் எடுங்கள். மழைக்காலத்தில் எல்லா ஓடையும் ஓடும். ஓடை ஒடுங்கிக் குழாய்போல் விழும் இடத்தில் இருபது லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். பத்து விநாடி என்றால் விநாடிக்கு இரண்டு லிட்டர். அதே இடம், அதே வாரம், ஆண்டுதோறும். கூடவே அந்த ஆண்டு மழை எவ்வளவு என்பதையும், மேலே புதிதாக ஆழ்துளைக் கிணறோ விடுதியோ வந்திருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். ஊற்று வற்றினால் கற்பூர மரத்தின்மீது பழிபோட்டுவிட்டு மோட்டாரை மறப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. ஓராண்டுக் கணக்கு எதையும் நிரூபிக்காது. குறைந்தது ஐந்தாண்டு சேர்ந்த பிறகு பேசலாம். இந்த ஓடைகள்தான் கீழே மஞ்சளாறு, மருதாநதி, வரதமாநதி, குதிரையாறு அணைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. பழனியிலும் தேவதானப்பட்டியிலும் இருப்பவர்களுக்கும் இந்த ஏட்டில் பங்கு உண்டு.

விலங்குகளை வைத்து முடிவுக்கு வருவதில் நிதானம் வேண்டும். கொடைக்கானல் கடைத்தெருவில் காட்டெருமை நடந்தால், "காடு செழித்துவிட்டது" என்கிறார்கள். புல் இருந்த இடத்தில் சீகை நின்றால் அது மேய எங்கே போகும் என்று நான் கேட்பேன். வரையாடு நல்ல சாட்சி, ஏனென்றால் புல்லும் பாறையும் இல்லாமல் அது பிழைக்காது. தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் பதிவாயின. ஆனால் அதை எண்ணுவது உங்கள் வேலையல்ல, வனத்துறையின் வேலை. கண்ணில் பட்டால் இடமும் தேதியும் குறியுங்கள், போதும்.

கயிற்றுக்கும் வாளிக்கும் அகப்படாத கேடுகளும் உண்டு. 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் பாம்பார் சோலைப் பக்கம் கலந்த கதை எல்லாருக்கும் தெரியும். அங்கேயும் மரங்கள் பச்சையாகத்தான் இருந்தன. சந்தேகம் இருக்கும் இடத்தில் மண்ணையும் நீரையும் ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஏட்டை என்ன செய்வது? ஒவ்வொரு வனக்கோட்டத்துக்கும் பத்தாண்டுக்கு ஒரு செயல்திட்டம் (சரணாலயமானால் மேலாண்மைத் திட்டம்) எழுதப்படுகிறது. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதெல்லாம் அதில்தான் முடிவாகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதன் பிரதியைக் கேட்கலாம். உங்கள் சரிவைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, உங்கள் கணக்கோடு ஒரே பக்கத்தில் ஒப்பிட்டு எழுதுங்கள். அந்தப் பக்கத்தைக் கிராம சபையில் வாசித்து, தீர்மானத்தோடு வன அலுவலருக்கு அனுப்புங்கள். சதுரத்தின் நான்கு மூலைகளின் ஆயங்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை அளவு), அளந்த தேதி, அளந்தவர் பெயர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். வேறொருவர் அதே இடத்துக்கு வந்து கயிறு பிடித்துச் சரிபார்க்க முடியாத கணக்கை நான் வாங்க மாட்டேன், அவர்களும் வாங்கக்கூடாது.