பொம்மைக்குச் சுவிட்ச் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் ரிப்பேர் கடை அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், யாராவது பொம்மைப் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிற அம்மா அப்பாக்கள். பிள்ளைக்குச் செரிபிரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் கை கால் சொன்னபடி கேட்காது. சின்னப் பொத்தானை விரலால் அமுக்க வராது, பெரிய சுவிட்சைக் கையாலோ தலையாலோ தட்ட வரும். வயர் சக்கர நாற்காலியில் சிக்கிக்கொள்கிறது என்று வயர்லெஸ்ஸுக்கு வருகிறார்கள். சுவிட்சை அழுத்தினால் சிக்னல் போகும். பொம்மையோடு இணைத்த ரிசீவர் அதை வாங்கி, ரிலே என்கிற மின் சுவிட்சால் இரண்டு வயரைச் சேர்க்கும். பையைத் திறந்தால், என் மகளுக்காக நான் செய்த அதே தவறுகள் உள்ளே இருக்கின்றன. பேட்டரியைத் திருப்பிப் போடுவது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாப் பொம்மைக்கும் செப்புத் தகடு

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். நடுவில் கரண்ட் கடத்தாத, இரண்டு பக்கமும் செம்பு பூசிய சின்னத் தகட்டைப் பேட்டரிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் செருகி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வயரை வெளியே எடுத்து ரிசீவரோடு இணைத்தால், சுவிட்சை அழுத்தும்போது மட்டும் கரண்ட் பாயும். பிரிக்க வேண்டாம், ஈயம் வைக்க வேண்டாம். அதனால் எல்லோரும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். ஆன் செய்தால் ஓடிக்கொண்டே இருக்கும் நாய்க்குட்டிக்கு இது சரி. வயிற்றை அமுக்கினால் பாடும் கரடிக்குச் சரிவராது. அதன் சிப்புக்குக் கரண்ட் எப்போதும் இருக்க வேண்டும். யாராவது அமுக்கினால்தான் அது விழிக்கும். தகடு அந்தக் கரண்டையே அறுத்துவிடுகிறது. சுவிட்சை அழுத்தினால் கரண்ட் வரும், ஆனால் வயிற்றை யாரும் அமுக்கவில்லையே.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. பசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய கரடி. சுவிட்சை அவள் முழங்கை அருகே வைத்தேன். கையை இழுத்து வந்து அழுத்த அவளுக்கு அரை நிமிடம் ஆகும். அழுத்தினாள். ரிசீவரில் சிவப்பு விளக்கு எரிந்தது, ரிலே 'டிக்' என்றது, கரடி பாடவில்லை. மறுபடியும் அழுத்தினாள். ஏழாவது தடவைக்கு அப்புறம் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். சிக்னல் கோளாறு என்று நினைத்து 180 வெள்ளிக்கு இன்னொரு ரிசீவர் வாங்கினேன். அதிலும் பாடவில்லை. காசு போகட்டும். பொம்மையைச் சரியாகச் செய்து வைத்த பிறகும் அவள் சுவிட்சைத் தொட இரண்டு மாதம் ஆயிற்று. அழுத்தினால் ஒன்றும் நடக்காது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

வாங்கும்போதே கடையில் பாருங்கள். பொம்மையை ஓடவிட்டு ஒரு பேட்டரியைக் கழற்றி மறுபடி போடுங்கள். தானாக ஓடினால் தகடு போதும். இல்லையென்றால் பிரித்து, பொத்தானின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு வயரை ஈயம் வைத்து, 3.5 மில்லிமீட்டர் மோனோ சாக்கெட்டுக்குக் கொண்டுவாருங்கள். ரிசீவரை அதில் செருகலாம். பழைய பொத்தானும் வேலை செய்யும். தம்பி தங்கைகளும் வயிற்றை அமுக்கி விளையாடலாம்.

பொம்மைக்குள் 5 வோல்ட்

ரிலே போர்டு வாங்கிச் சொந்தமாகச் செய்கிறவர்களுக்கு: ரிலே இரண்டு வயரைச் சேர்த்தால் போதும். போர்டின் 5 வோல்ட்டை இரண்டு பேட்டரியில் ஓடும் பொம்மைக்குள் விட்டால் சிப் போய்விடலாம்.

லாட்ச்

ஒரு தட்டில் ஓடிக்கொண்டே இருக்கும்படி ரிசீவரை வைத்துவிடுகிறார்கள். அப்புறம் பிள்ளைக்கு என்ன வேலை? அழுத்தியே வைத்திருக்க முடியாத பிள்ளைக்கு டைமரில் 10 விநாடி வையுங்கள். பாட்டு நின்றதும் பிள்ளையின் கண் கரடியிலிருந்து சுவிட்சுக்குப் போகும். அந்தப் பார்வைக்காகத்தான் இத்தனை பாடுபடுகிறோம்.

ஒரே சேனல்

வீட்டில் இரண்டு சுவிட்சும் ஒரே சேனலில் இருந்தால், அக்கா அழுத்த, தம்பி பொம்மை ஓடும். மாற்றி வையுங்கள்.

திருகாணி இல்லாத மூடி

சில சுவிட்சுகளில் பொத்தான் பேட்டரி இருக்கும். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே அதைப் பொசுக்கிவிடலாம். மூடிக்குத் திருகாணி இல்லையென்றால் வாங்கவே வாங்காதீர்கள். விழுங்கிய சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

"அமுக்கும்மா, அமுக்கு!"

போன மாதம் ஒரு பாட்டி பேத்தியோடு வந்திருந்தார். பிள்ளை கையைத் தூக்குவதற்குள் பாட்டியே அவள் கையைப் பிடித்து அழுத்திவிடுவார். பாசம்தான், தெரிகிறது. "பாட்டி, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம் வாங்க" என்று பக்கத்துக் கடைக்குக் கூட்டிப் போனேன். அவர் கண் பிள்ளை மேலேயே இருந்தது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். 40 தாண்டியபோது அங்கிருந்து 'டிக்' என்று கேட்டது.