துவக்குப் பிடங்கை எபொக்சியில் அமர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பின் படுவான்கரையிலும், திருக்கோவில், பொத்துவில் பக்கத்து வயல்வெளிகளான வட்டைகளிலும், பன்றியிடமிருந்து வேளாண்மையைக் காப்பதற்காக அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருக்கப்படும் ஒற்றைக்குழல் 12 போர் துவக்குகள் பல, ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறி வந்தவை. அவற்றின் குழலும் பூட்டும் நல்ல நிலையில் இருக்கும்போதே மரம் கெட்டுவிடுகிறது. முதலில் பிடங்கு, அதாவது தோளில் அணைக்கும் மரக்கட்டை, இலேசாக ஆடத் தொடங்கும். பின்னர் கைபிடிக்கும் கழுத்துப் பகுதியில், பூட்டு அடங்கிய இரும்புப் பெட்டியிலிருந்து மரத்தின்மேல் பின்னோக்கி நீளும் ஒடுங்கிய நாக்கான மேல்வால் முடியும் இடத்துக்குப் பின்னால், மயிரிழை போன்ற ஒரு வெடிப்புத் தோன்றும். அதற்கு எதையாவது பூசி ஒட்டிவிட்டுச் செப்புக் கம்பியோ சைக்கிள் ரியூப்போ சுற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சுற்று ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பதோடு, வெடிப்பு நீள்வதையும் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. சரியாகச் செய்தால் இதே துவக்கின் பிடங்கை எபொக்சியில் அமர்த்தி, அதாவது பெட்டிக்கும் மரத்துக்கும் இடையில் எபொக்சிப் பசையைப் பூசி, பெட்டி முழுவதுமாகப் பதியும்படி இறுகவிட்டு, பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். பிழையாகச் செய்தால் இருந்த மரமும் போய்விடும்.

வேலையைத் தொடங்குமுன் துவக்கை மடித்துத் திறந்து, அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வேறோர் அறையில் பூட்டி வைக்க வேண்டும். இலங்கையில் சுடுகலன்களை ஆளுவது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆகவே கைவேலை தெரிந்தவர் என்பதற்காக அனுமதியில்லாத ஒருவரிடம் துவக்கை விட்டுவிட்டு வருவது முதல் தவறு. மரவேலையை ஒருவரிடம் கொடுக்கத்தான் வேண்டுமானால், அதற்கான அனுமதி உள்ளவரிடமே கொடுக்க வேண்டும்.

மரம் ஏன் வெடிக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் பசையைக் கையில் எடுப்பதுதான் மற்றெல்லாத் தவறுகளுக்கும் வேர். 12 போர் தோட்டா ஒன்று ஏறத்தாழ 32 கிராம் சன்னத்தை வினாடிக்கு 380 மீற்றர் அளவிலான வேகத்தில் வெளியே தள்ளும்போது, 3 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள துவக்கு வினாடிக்கு 5 மீற்றர் அளவில் பின்னோக்கி வருகிறது. அந்த உதை முழுவதும் இரும்புப் பெட்டியின் பின்முகம் வழியாகத்தான் மரத்துக்குள் இறங்குகிறது. பின்முகத்தின் அகன்ற தட்டையான பகுதிகள் மரத்தின் தலையில் முழுவதுமாகப் பதிந்திருந்தால், சுமை பரவி மரம் அதைத் தாங்கிக்கொள்ளும். அந்தப் பதிவு தேய்ந்துபோனால் பெட்டி ஓர் இழை பின்னே நகரும். அப்போது ஒடுங்கிய மேல்வால், விறகில் இறக்கிய ஆப்பைப் போல, மரத்தின் இழையோட்டத்தைப் பிளக்கும். எனவே நாம் திருத்த வேண்டியது வெடிப்பை மட்டுமன்று, சுமை இறங்கும் இடத்தையே திருத்த வேண்டும். பசை எவ்வளவு வலியது என்பது இதற்கு அடுத்த கேள்வி.

பதிவு எங்கே இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. விசை, குதிரை, வில் முதலிய உறுப்புகளைக் கழற்றிய வெறும் பெட்டியின் பின்முகத்தை ஒரு குப்பி விளக்கின் சுடருக்கு மேலே, சூடேறாதபடி சற்று நேரம் மட்டும் காட்டினால் புகைக்கரி படியும். பெட்டியை மரத்தில் பொருத்தி, மெதுவாக இறுக்கி, மீண்டும் கழற்றிப் பார்த்தால், தொடும் இடங்கள் மரத்தில் கறுப்பாகத் தெரியும். பழைய துவக்குகளில் பெரும்பாலும் வாலின் முனையிலும் ஓரிரு மூலைகளிலும் மட்டுமே கரி ஒட்டியிருக்கும். கரி ஒட்டாத மற்ற இடங்களைத்தான் எபொக்சியால் நிரப்பிப் பதிவை மீட்க வேண்டும்.

இனி எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பகுதியில் இந்த வேலை தோற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. துவக்கைத் துடைத்து எண்ணெய் பூசி, குழல் மேலாக வீட்டு மூலையில் சாத்தி வைக்கிறோம். பூட்டுக்கு ஊற்றிய எண்ணெய், அது துவக்கு எண்ணெயானாலும் தேங்காயெண்ணெயானாலும், மெல்ல வழிந்து மரத்தின் தலைப்பகுதிக்குள் இறங்குகிறது. அங்கே மர இழைகளின் வெட்டுமுகம் திறந்திருப்பதால் அது ஆழமாக ஊறிவிடும். ஆண்டுகள் செல்ல, மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பதியும் அளவுக்கு மெதுமையாகிவிடும். இந்த மரத்தின்மேல் எத்தகைய எபொக்சியைப் பூசினாலும் அது எண்ணெயில்தான் ஒட்டும், மரத்தில் ஒட்டாது; சில வெடிகளிலேயே முழுத் துண்டாகக் கழன்றுவிடும்.

இதற்கு மண்ணெண்ணெயில் கழுவுவது தீர்வாகாது. மண்ணெண்ணெயும் எண்ணெய்தான், அது பழைய எண்ணெயை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். வெண்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்துச் சேறுபோலப் பூசி, உலரவிட்டு, தூரிகையால் தட்டிவிட வேண்டும். தூள் மஞ்சளாக வருவது எண்ணெய் வெளிவருவதன் அடையாளம். தூள் வெள்ளையாகவே உதிரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், அதற்கு நாட்கள் ஆகலாம், அவசரப்படக் கூடாது. அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பற்றும். ஆகவே அடுப்பு எரியும் குசினிப் பக்கத்திலும், மேலே சொன்ன விளக்குக் கரி வேலை நடக்கும் இடத்திலும் அசிட்டோன் போத்தலைத் திறக்கவே கூடாது. எண்ணெய் நீங்கிய பின்னும் மெதுமையாகவே இருக்கும் இழைகளைக் கூரிய உளியால் சீவி, உறுதியான மரம் தெரியும்வரை எடுத்துவிட வேண்டும். உடைந்த பிடங்குக்குப் பதிலாகத் தேக்கிலோ முதிரையிலோ செய்து போட்ட பிடங்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு: தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருக்கிறது, முதிரை மிக இறுக்கமான மரம். இரண்டிலும் ஒட்டும் முகத்தை அன்றைக்கே புதிதாகச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, தாமதிக்காமல் பூச வேண்டும்.

பசையைத் தெரிவதில் நடக்கும் தவறு, கடற்கரை ஊர்களின் பழக்கத்திலிருந்து வருகிறது. வாழைச்சேனையிலோ கல்முனையிலோ பைபர் படகுக்குப் பூசும் பொலியெஸ்டர் ரெசின் கையருகே கிடைக்கிறது என்பதற்காக அதையே துவக்குக்கும் பயன்படுத்துகிறார்கள். பொலியெஸ்டர் இறுகும்போது குறிப்பிடத்தக்க அளவு சுருங்கும். அதனால் பதிவு இருக்க வேண்டிய இடத்திலேயே இடைவெளி விழும். மரத்திலும் அது எபொக்சி அளவுக்குப் பற்றாது. வெள்ளை மரப்பசைக்கு இடைவெளியை நிரப்பும் வலு இல்லை. ஐந்து நிமிடத்தில் இறுகும் எபொக்சியும் இங்கே பொருந்தாது, ஏனெனில் அது ஈரத்திலும் வெப்பத்திலும் விரைவில் தளரும். மெதுவாக, ஒரு நாள் எடுத்து இறுகும் வகையே வேண்டும். உருக்குத்தூள் அல்லது அலுமினியத்தூள் கலந்த வகையாயின் இன்னும் நல்லது.

படகு ரெசின் பழகிய கை செய்யும் அடுத்த தவறு, ரெசினை இறுகச் செய்யும் ஹாட்னரைக் கூட்டுவது. பொலியெஸ்டரில் ஊற்றுவது நூற்றுக்கு 1 முதல் 2 வரையான வினையூக்கி. அதைச் சற்றுக் கூட்டினால் விரைவாக இறுகும். எபொக்சியின் ஹாட்னர் அப்படிப்பட்டதன்று, அது ரெசினோடு அளவுக்கு அளவு இணையும் மறுபாதி. கூட்டினாலும் குறைத்தாலும் இணையாத மிச்சம் உள்ளே தங்கி, பசை றப்பர்போல மெதுமையாகவே நின்றுவிடும். உறையில் குறித்த விகிதத்தை அளந்து எடுத்து, பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும்.

எபொக்சி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் விடுவிப்புப் பூச்சு இரும்பில் இல்லாமல் அமர்த்துவது திருத்த முடியாத தவறு. பெட்டியின் எல்லாப் பக்கங்களிலும் நிறமற்ற மெழுகையோ சப்பாத்துப் பொலிஷையோ மெல்லியதாகப் பூசி, உலர்ந்தபின் தேய்த்து, மீண்டும் பூச வேண்டும். கிரீஸ் பூசினால் அது மரத்தின்மேல் வழிந்து, பாடுபட்டு எடுத்த எண்ணெயைத் திரும்பக் கொண்டுவரும். மெழுகு மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறு. ஆணித் துளைகள், விசை வெளிவரும் பிளவு, உட்புறமாகச் சரிந்த விளிம்புகள் ஆகியவற்றுக்குள் எபொக்சி புகுந்து இறுகினால் பூட்டுப் போட்டதுபோல் ஆகிவிடும். அவற்றையெல்லாம் விளையாட்டுக் களிமண்ணால் அடைத்து மட்டமாக்க வேண்டும். மேல்வாலின் பின்முனையில் இன்சுலேஷன் ரேப்பை நான்கு மடிப்பாக ஒட்டினால், பின்னர் அதை உரித்தெடுக்கும்போது அங்கே ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் இடைவெளி நிற்கும். பார்வைக்கு அழகில்லை என்று அந்த இடைவெளியைப் பின்னர் நிரப்பிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு குறையன்று. மரத்தைப் பிளவாமல் காப்பதே அந்த இடைவெளிதான்.

பசை ஈரமாக இருக்கும்போது, பிடங்கைப் பெட்டியோடு பிணைக்கும் போல்ட்டை முழு வலுவோடு இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி, மரம் நசிந்த நிலையிலேயே வடிவம் பதிந்துவிடும். கழற்றியதும் மரம் மீண்டு வர, பதிவு கெடும். பெட்டி தன் இடத்தில் அமரும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். வெளியே பிதுங்குவதை, இறுகுமுன் வினாகிரியில் நனைத்த துணியால் துடைக்கலாம். அசிட்டோனால் துடைத்தால் பிடங்கின் வார்னிஷ் போய்விடும்.

நேரத்தையும் பருவத்தையும் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரியில் மரம் ஈரத்தை உறிஞ்சி, குறுக்குவாட்டில் உப்பியிருக்கும். அப்போது அமர்த்தினால், கச்சான் எனும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் மரம் சுருங்கிப் பிடி தளரும். கச்சான் காலத்திலேயே செய்வது நல்லது, ஆனால் நடுப்பகலில் வேண்டாம். வெப்பம் 10 பாகை கூடினால் பசை கையாளக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். அதோடு, சூடேறிக்கொண்டிருக்கும் மரம் தன் துளைகளிலுள்ள காற்றை வெளியே தள்ளிப் பசைக்குள் குமிழிகளை உண்டாக்கும். வெயில் தாழ்ந்து மரம் குளிரத் தொடங்கும் மாலையில் பூசினால், அதே மரம் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கலவையைக் குவளையில் குவியலாக விடாமல் தட்டையான தட்டில் பரப்பி வைத்தால் அது தானே சூடேறி இறுகுவதும் குறையும்.

வெடிப்பு இருந்தால், அதை அமர்வுக்கு முன்னரே தனியாக ஒட்ட வேண்டும். மெல்லிய ஆப்பால் இலேசாகத் திறந்து, தூள் கலக்காத எபொக்சியை உள்ளே செலுத்தி, மறுபக்கத்தில் வெளிவரும்வரை விட்டு, பிறகு இறுக்கிக் கட்டி வைக்க வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது.

குறைந்தது 24 மணி நேரம் கழித்துக் கழற்றி, அடைப்புகளை நீக்கிப் பொருத்தலாம், ஆனால் முழு வலு வருவதற்கு ஒரு வாரம் செல்லும். அதற்கு முன் சுடக் கூடாது. பிடங்கின் பின்முனையிலுள்ள அடித்தகட்டுக்குக் கீழே திறந்து கிடக்கும் மரத்தின் வெட்டுமுகத்துக்கும் ஒரு பூச்சு வார்னிஷ் கொடுக்க வேண்டும், ஈரம் ஏறும் மறுவாசல் அது. முதல் சில வெடிகளுக்குப் பின்னரும், அடுத்த கச்சான் காலத்திலும் போல்ட்டைச் சோதித்து இறுக்க வேண்டும். வயல் வாடியில் வெயில் நேரே படும் இடத்தில் துவக்கை விடக் கூடாது, ஏனெனில் வீட்டு வெப்பத்தில் இறுகிய எபொக்சி 60 பாகை செல்சியஸ் அளவிலேயே தளரத் தொடங்கும்.

ஒன்றை மட்டும் எபொக்சியால் திருத்தவே முடியாது. குழலுக்குக் கீழேயுள்ள முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துவக்கைக் குழலில் பிடித்து அசைத்துப் பாருங்கள். குழலுக்கும் பெட்டிக்கும் இடையில் ஆட்டம் தெரிந்தால், தேய்ந்திருப்பது கீலாணியோ பூட்டோதான், மரம் அன்று. அந்த ஆட்டத்தை மறைக்க இரும்புக்கும் இரும்புக்கும் இடையில் எபொக்சி பூசுவது, முகத்துக்கு அருகில் வெடிக்கக்கூடிய ஒன்றைத் தோளில் வைப்பதாகும். அத்தகைய துவக்கை அன்றிலிருந்தே சுடாமல், அனுமதிப்பத்திரத்தையும் உடன் எடுத்துக்கொண்டு, அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.