கோத்தகிரிக் குளிரில் மூச்சைப் பார்ப்பது: முதல் மாதத்துக்கான செய்முறை

மலையில் இருந்தால் தியானம் தானாக வரும் என்று கீழேயிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வரவில்லை. காலை ஐந்து மணிக்குக் கண்ணை மூடினால் டீ ஃபேக்டரி இரைச்சல், பக்கத்து வீட்டு நாய், இந்த மாதம் பசுந்தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன விலை போடுவார்கள் என்ற கணக்கு, இவைதான் வந்தன. ஆகவே தியானத்துக்காக யாரும் வீட்டைக் காலி செய்துகொண்டு மலையேற வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மலை உதவும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே நாம் பழகப்போவது ஆனாபானசதி. உள்ளே போகும் மூச்சையும் வெளியே வரும் மூச்சையும் கவனிப்பது, அவ்வளவுதான். புத்தர் இதை விளக்கும் சூத்திரம், அவருடைய உரைகளின் பாலி மொழித் தொகுப்புகளில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தில் 118ஆவது. அதில் 16 படிகள் உண்டு. முதல் மாதத்துக்கு இரண்டு போதும்: மூச்சு நீளமாக இருந்தால் நீளம் என்று தெரிய வேண்டும், குட்டையாக இருந்தால் குட்டை என்று தெரிய வேண்டும். மூச்சை இழுக்கவோ நிறுத்தவோ கூடாது. பிராணாயாமம் பழகியவர்கள் வழுக்குவது இங்கேதான். கை சும்மா இருந்தாலும் மூக்கு சும்மா இருக்காது.

படி 1: இடம்

காடு, மரத்தடி, ஆளில்லாத வீடு என்று மூன்று இடங்களைச் சூத்திரம் சொல்கிறது. முதல் இரண்டும் எங்கள் ஊருக்குச் சரிப்படாது. விடியற்காலையில் தேயிலைக்குள் கரடியும் காட்டெருமையும் நடமாடும். அந்த நேரத்தில் மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்தால் நேரே ஆஸ்பத்திரிதான். மிஞ்சுவது ஆளில்லாத வீடு. வீட்டில் யாரும் எழுந்திருக்காத நேரம் என்று அதை வைத்துக்கொள்ளுங்கள். என் இடம் சமையலறை மூலை.

படி 2: உட்காருவது

ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் நான்கு விரல் உயரத்துக்குக் கெட்டியான தலையணை வையுங்கள். இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருந்தால் முதுகு தானே நிமிரும். பத்மாசனம் வேண்டாம், சாதாரணச் சப்பணம் போதும். அதுவும் முடியாதவர்கள் நாற்காலியில் சாயாமல் உட்காரலாம். முழங்காலைக் கம்பளியால் மூடுங்கள், தலைக்குக் குல்லா போடுங்கள். குளிர் ஏறிய முழங்கால் மூச்சைப் பார்க்க விடாது.

நேரம் பத்து நிமிடம். முதல் நாளே ஒரு மணி நேரம் அலாரம் வைத்த புத்திசாலி நான். கால் மரத்துப்போனது தெரியாமல் எழுந்து, இட்லிப் பானைமேல் விழுந்து, வீடு முழுவதையும் எழுப்பிவிட்டேன்.

படி 3: மூச்சு

மலை உதவுவது இங்கேதான். மார்கழி, தை மாதங்களில் உள்ளே போகும் காற்று மூக்கு நுனியில் ஊசி போலக் குத்தும். வெளியே வருவது வெதுவெதுப்பாக இருக்கும். எங்கே கவனிப்பது என்று தேடவே வேண்டாம். கீழே இருப்பவர்கள் விடிவதற்கு முன் உட்கார்ந்தால் ஓரளவு இது கிடைக்கும்.

அப்புறம், எண்ணுங்கள். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தால் ஒன்று. ஐந்துக்குக் குறையாமல், பத்தைத் தாண்டாமல் எண்ணச் சொல்கிறார் 5ஆம் நூற்றாண்டில் விசுத்திமக்கம் என்ற பௌத்தத் தியான நூலை எழுதிய புத்தகோசர். ஐந்துக்குள் நிறுத்தினால் குறுகிய பட்டியில் அடைத்த மாடுகள்போல மனம் முட்டுமாம். பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுமாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன், மனுஷன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

படி 4: மனம் ஓடும்போது

ஓடும். முதல் வாரம் முழுக்க நான் பத்தைத் தொட்டதே இல்லை. மூன்று வரும்போதே பசுந்தேயிலை விலை வந்துவிடும். ஓடியது தெரிந்ததும் 'யோசனை' என்று ஒரு சொல் மட்டும் மனதுக்குள் சொல்லிவிட்டு, ஒன்றிலிருந்து தொடங்குங்கள். திட்டிக்கொள்ளாதீர்கள், திட்டுவதும் இன்னொரு யோசனைதான். பத்து நிமிடத்தில் முப்பது தடவை ஒன்றுக்குத் திரும்பினாலும் அன்றைய பயிற்சி நன்றாகவே நடந்திருக்கிறது. ஓடியதைத் தெரிந்துகொள்ளும் அந்த நொடியைத்தான் பழக்குகிறோம்.

முந்தைய நாள் நடந்ததும் கூடவே வந்து உட்காரும். கொழுந்து ஏஜென்ட்டிடம் ஒரு சின்னப் பொய் சொன்ன மறுநாள், பத்து நிமிடமும் அந்தப் பொய்யையே எண்ணிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லாமை உள்ளிட்ட ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலத்தைப் பௌத்தர்கள் ஏன் தியானத்துக்கு முன்னால் வைத்தார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

படி 5: தூக்கம்

புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானரே தூங்கி விழுந்திருக்கிறார். காதைப் பிடித்து இழு, கைகால்களைத் தேய், கண்ணைத் தண்ணீரால் கழுவி நட்சத்திரங்களைப் பார், நட, எதுவும் ஆகாவிட்டால் படுத்துக்கொள் என்று அவருக்குப் புத்தர் சொன்னார். தை மாதக் குழாய்த் தண்ணீர் ஒன்றே எனக்குப் போதும். நடப்பதாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே, சமையலறையிலிருந்து வாசல்வரை. கரடி விஷயம் மறக்க வேண்டாம்.

படி 6: ஞானம்

மூன்றாவது வாரம்போல சிலருக்குக் கண்ணுக்குள் வெளிச்சம் தெரியும், உடம்பு லேசாகும். வந்தால் வரட்டும், எண்ணிக்கையைத் தொடருங்கள். இலங்கை, பர்மா பக்கம் வழங்கும் பௌத்தப் பிரிவான தேரவாத மரபில் ஞானத்துக்கு நான்கு நிலைகள். முதலாவது சோதாபன்னம், நீரோட்டத்தில் இறங்குவது. அங்கே அறுபடுவது மூன்று கட்டுகள்: நிலையான 'நான்' ஒன்று உண்டு என்ற பார்வை, ஐயம், சடங்குகளே விடுவிக்கும் என்ற பிடிப்பு. இந்தப் பட்டியலில் வெளிச்சம் கிடையாது.

ஒரு மாதம் கழித்து மற்றவர்களோடு உட்காரத் தோன்றினால், கொடைக்கானலுக்குப் போகும் வழியில் பெருமாள்மலையில் போதி ஜென்டோ என்ற ஜென் பௌத்தத் தியான மையம் இருக்கிறது. அதைத் தொடங்கிய ஆமா சாமி, சேசு சபைப் பாதிரியார், ஜென் குருவும்கூட. ஜென் முறை வேறு, ஆனால் அதிலும் தொடக்கத்தில் மூச்சை எண்ணச் சொல்வதுண்டு. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் நாள்கணக்கான முகாம்களில் சேருமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாதம் பதினைந்து நிமிடம். வெயில் அடிக்கிற நாளில் ஜமுக்காளத்தையும் தலையணையையும் வெளியே காயப் போடுங்கள். இந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.