ஃபிளைட்கியரில் புதிய விமானம் சேர்ப்பது எப்படி?

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க உதவும் ஃபிளைட்கியரை நிறுவியதும் ஓட்டக் கிடைப்பது செஸ்னா 172பி என்ற சிறிய விமானம். அது சலித்த பிறகு போயிங், ஏர்பஸ், பழைய போர் விமானம் என்று ஆசை விரியும். 1997இல் முதல் பதிப்பு வந்த இந்தக் கட்டற்ற மென்பொருளுக்குத் தன்னார்வலர்கள் செய்து வைத்திருக்கும் விமானங்கள் ஏராளம்; பெரும்பாலானவை இலவசம். ஜாய்ஸ்டிக் வாங்க இப்போதே ரிச்சி தெருவுக்கு ஓட வேண்டாம். விசைப்பலகையும் மவுஸும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: எளிய வழி

மென்பொருளைத் திறந்ததும் வரும் முகப்பில் 'ஏர்கிராஃப்ட்' பகுதிக்குப் போங்கள். அங்கே ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுத்து 'இன்ஸ்டால்' அழுத்தினால் முடிந்தது. உங்களிடம் உள்ள பதிப்புக்கு ஏற்றவை மட்டுமே இந்தப் பட்டியலில் இருக்கும் என்பதால், முதல் விமானத்தை இப்படியே எடுப்பது நல்லது.

படி 2: ஜிப் கோப்பாகக் கிடைத்தால்

'டி' டிரைவில் 'விமானங்கள்' போன்ற ஒரு தனிக் கோப்புறையை உருவாக்குங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் (Vimanangal என்பதுபோல்), இடைவெளி இல்லாமல் வைப்பது பாதுகாப்பு. ஃபிளைட்கியர் நிறுவப்பட்ட இடத்துக்குள் எதையும் போடாதீர்கள். அடுத்த பதிப்பை ஏற்றும்போது போனாலும் போய்விடும்.

ஜிப்பை அந்தக் கோப்புறைக்குள் விரியுங்கள். புதியவர்கள் பலர் திணறுவது இங்கேதான். விரித்ததும் கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று என்று அடுக்காக வரும். 'செட் டாட் எக்ஸ்எம்எல்' (-set.xml) என்று முடியும் கோப்பு எதற்குள் இருக்கிறதோ, அதுதான் உண்மையான விமானக் கோப்புறை. அதை வெளியே எடுத்து 'விமானங்கள்' கோப்புறைக்குள் நேரடியாக வையுங்கள்.

அடுத்தது பெயர். மென்பொருள் கோப்புகளைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து இறக்கினால் கோப்புறைப் பெயரின் வாலில் 'மாஸ்டர்' (-master) என்று ஒட்டிக்கொண்டு வரும். அந்த 'செட்' கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். 'ஏர்கிராஃப்ட்' என்று தொடங்கி, சாய்கோடு போட்டு, விமானத்தின் பெயர், மறுபடி சாய்கோடு, 'மாடல்ஸ்' என்று ஒரு பாதை இருக்கும். நடுவில் உள்ள பெயரும் உங்கள் கோப்புறையின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் விமானம் பட்டியலில் தெரியும், ஏற்றினால் உடலே இல்லாமல் நிற்கும். வாலை வெட்டினால் சரியாகிவிடும்.

கோப்பைத் திறந்த கையோடு 'ஃபிளைட் மாடல்' வரியையும் பாருங்கள்; விமானம் பறக்கும் விதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அது சொல்லும். 'ஜேஎஸ்பி' என்றால் விமானத்தின் மீதான விசைகள் அட்டவணையிலும் சமன்பாட்டிலும் உள்ள எண்களிலிருந்து கணக்கிடப்படுகின்றன. 'யாசிம்' என்றால் இறக்கையின் வடிவம், அளவு, எடை ஆகியவற்றைக் கொண்டு மென்பொருளே பறக்கும் விதத்தை ஊகிக்கிறது. எது சிறந்தது என்ற சண்டை ஓயாது. செய்தவரின் உழைப்புதான் முக்கியம் என்பது என் கட்சி.

படி 3: இடத்தைச் சொல்லிக்கொடுங்கள்

முகப்பில் 'ஆட்-ஆன்ஸ்' பகுதியில் கூடுதல் விமானக் கோப்புறைகள் என்ற இடம் உண்டு. அங்கே 'விமானங்கள்' கோப்புறையைச் சேருங்கள். விமானத்தின் கோப்புறையை அல்ல, அதற்கு மேலே உள்ளதை. இனி அதில் போடுவதெல்லாம் தானாகப் பட்டியலில் சேரும்.

படி 4: மீனம்பாக்கத்தில் ஓட்டம்

'லொக்கேஷன்' பகுதியில் வி.ஓ.எம்.எம். (VOMM) என்ற குறியீட்டைத் தேடினால் சென்னை விமான நிலையம் வரும். 07 ஓடுபாதையைத் தேர்ந்தெடுங்கள். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும்போது எதிர்காற்றில் ஏற அதுவே தோது. நிலக்காட்சியை மென்பொருளே இறக்கிக்கொள்ளும்; முதல் முறை கொஞ்சம் பொறுத்திருங்கள்.

புறப்படும் முன் சோதனை: 'வி' விசையை அழுத்தி வெளிப்புறத் தோற்றம் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். சதுர அடைப்புக்குறி விசைகளால், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் இறங்கி ஏறுகிறதா? ஷிஃப்டுடன் 'பி' (B) அழுத்தி நிறுத்த பிரேக்கை விடுவியுங்கள். 'பேஜ் அப்' அழுத்தினால் எஞ்சின் வேகம் கூட வேண்டும். டேப் விசையை அழுத்தினால் மவுஸே கட்டுப்பாட்டுக் கோலாக மாறும். மேலே ஏறினால் இடப்பக்கம் பரங்கிமலை, சற்று நேரத்தில் கடல்.

சிக்கல் வந்தால் ஒரே நேரத்தில் பத்து விமானங்களைச் சேர்த்திருக்கக் கூடாது என்பது புரியும். ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பிடிக்காத ஜிப் விமானத்தை நீக்க, அதன் கோப்புறையை அழித்தால் போதும்.