‘ரன்’ என்ற சொல் எந்தப் பொருளில் வருகிறது என்று கண்டுகொள்வது எப்படி?

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்றால் ஓடுதல் என்று பள்ளியில் படித்தது பொய்யில்லை. ஆனால் நாளிதழையோ ஒப்பந்தப் பத்திரத்தையோ படிக்கும்போது அந்த ஒரு பொருளை வைத்துக்கொண்டு வெகுதூரம் போக முடியாது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைத் திருத்திவரும் குழுவினர் இதன் வினை வடிவத்துக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்கள். அந்த வேலை அகராதியாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அதே அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு உரியதாக இருந்தது. இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வாக்கியத்தில் அச்சொல்லுக்கு முன்னும் பின்னும் எவை வருகின்றன என்பதை ஓர் ஒழுங்கில் கவனித்தால் போதும்.

முதலில் அது பெயரா வினையா என்று பாருங்கள். முன்னால் ‘எ’ அல்லது ‘தி’ இருந்தால் பெரும்பாலும் பெயர்ச்சொல்தான். அப்போது பேசப்படும் துறையே பொருளை முடிவு செய்துவிடும். கிரிக்கெட்டில் அது ஓட்டம் (பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் ஓர் அடிகூட ஓடாமல் நான்கு ஓட்டங்கள் கிடைக்கும்). வங்கிச் செய்தியில், பணம் போய்விடும் என்ற அச்சத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வைப்புத்தொகையை எடுக்க முண்டியடிப்பது. அச்சகத்தில், ஒரு தடவையில் அச்சிடும் படிகளின் எண்ணிக்கை.

வினையாக இருந்தால், அதற்குச் செயப்படுபொருள் உண்டா என்பதே அடுத்த கேள்வி. இல்லையென்றால் நம் ‘ஓடு’ பல இடங்களில் துணைக்கு வரும்: பேருந்து ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது. ஆனால் இந்தப் பொருத்தத்தை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. மூக்கு ‘ரன்’ ஆனால் தமிழில் அது ஒழுகுகிறது, துணியின் நிறம் ‘ரன்’ ஆனால் சாயம் போகிறது, சாலை செல்கிறது, ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு நடப்பில் இருக்கிறது. அமெரிக்க அரசியல்வாதி தேர்தலில் ‘ரன்’ செய்யும்போது நம்மூர் வேட்பாளர் தேர்தலில் நிற்கிறார்.

செயப்படுபொருள் இருந்தால், பெரும்பாலும் ஒன்றை இயங்கச் செய்வதைத்தான் வினை குறிக்கிறது. ‘நடத்து’, ‘இயக்கு’ ஆகிய இரண்டில் ஒன்று பாதி வாக்கியங்களுக்குப் பொருந்திவிடும். பள்ளியை நடத்துகிறார், கணினியில் நிரலை இயக்குகிறார். மற்றவற்றுக்கு அந்தச் செயப்படுபொருளோடு தமிழில் எந்த வினை இயல்பாகச் சேரும் என்று தேட வேண்டும்: பத்திரிகை செய்தியை வெளியிடுகிறது, குளிப்பதற்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறார்கள், குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. இவை மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’தான். சில வாக்கியங்கள் தனித்து நின்றால் தெளிவே படாது. ‘ஷீ ரன்ஸ் தி சிட்டி மாரத்தான் எவ்ரி இயர்’ என்பதில் அந்தப் பெண் ஆண்டுதோறும் அந்தப் போட்டியில் ஓடுகிறாரா அல்லது போட்டியை ஏற்பாடு செய்கிறாரா என்பதை அடுத்த வாக்கியத்தைப் படிக்காமல் சொல்ல முடியாது.

பெரும்பாலோர் தடுமாறுவது, ‘ரன்’னுக்குப் பின்னால் ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’ போன்ற சிறு சொல் ஒட்டிக்கொள்ளும் இடத்தில்தான். அந்த இரண்டையும் ஒரே சொல்லாகக் கருதுங்கள். பிறகு, எது எதை அப்படிச் செய்கிறது என்று பாருங்கள். மட்டையாளர் ‘ரன் அவுட்’ ஆனால் ஆட்டமிழக்கிறார். வீட்டில் பால் ‘ரன் அவுட்’ ஆனால் தீர்ந்துபோகிறது. கார் மரத்தை ‘ரன் இன்டு’ செய்தால் மோதுகிறது, பழைய நண்பரை ஒருவர் ‘ரன் இன்டு’ செய்தால் தற்செயலாகச் சந்திக்கிறார், செலவு லட்சங்களுக்குள் ‘ரன் இன்டு’ ஆனால் லட்சக்கணக்கில் ஆகிறது. லாரி நாயை ‘ரன் ஓவர்’ செய்தால் அதன்மேல் ஏறிவிடுகிறது. கூட்டம் ‘ரன் ஓவர்’ ஆனால் குறித்த நேரத்தைத் தாண்டி நீள்கிறது.

அகராதியைத் திறக்கும்போது முதலில் கண்ணில் படும் பொருளோடு நின்றுவிடாதீர்கள். மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகள் பலவற்றில் இத்தகைய கூட்டு வினைகளைப் பதிவின் கடைசியில் தனியே தந்திருப்பார்கள்; தேடலை அங்கிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். விளக்கத்தைவிட எடுத்துக்காட்டு வாக்கியத்தை நம்புங்கள்: உங்கள் வாக்கியத்தைப் போலவே எழுவாயும் செயப்படுபொருளும் அமைந்த எடுத்துக்காட்டு எதன் கீழ் இருக்கிறதோ, அதுவே பெரும்பாலும் நீங்கள் தேடும் பொருள். ‘இன் தி லாங் ரன்’ (நாளடைவில்), ‘ரன் ஆஃப் தி மில்’ (தனிச்சிறப்பு எதுவும் இல்லாத) போன்ற தொடர்களுக்கு இந்த ஆராய்ச்சி உதவாது. அவற்றை முழுத் தொடராகத்தான் அகராதியில் தேட வேண்டும்.