பாத்தி ஓரத்துக்குச் சாய்ந்த செங்கல்

ஐப்பசி மழை வந்தால் போதும், கனகாம்பரப் பாத்தியின் செம்மண் பாதி நடைபாதைக்கு வந்துவிடும். முதலில் பிளாஸ்டிக் வேலி வாங்கி நட்டேன். ஒரே கோடையில் காய்ந்து, தொட்டாலே உடைந்தது. அப்புறம் இடித்த வீட்டின் பழைய செங்கல். தோண்டச் சோம்பல்பட்டுத் தரைமேலேயே அடுக்கினேன்; முதல் மழையில் சரிந்தன.

சரி என்று நூல் கட்டி, 4 அங்குலம் பள்ளம் தோண்டி, மணல் பரப்பி இடித்தேன். 9 அங்குலக் கல்லை நிறுத்தி, 45 டிகிரி சாய்த்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சாத்தி, மண்ணைத் தள்ளி மிதித்தேன். ரம்பப் பல் மாதிரி அழகு! 12 அடிக்கு 34 கல்தான். சிமென்ட் பூசவில்லை, தண்ணீர் இடுக்கில் வடிய வேண்டுமே. முதல் கல்லுக்கு மட்டும் ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்தேன், இல்லாவிட்டால் வரிசையே நகரும்.